மூச்சை இழுத்துப் பிடிக்கும் முன்: நம் மலைவிவசாயிகள் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உங்களில் பாதிப் பேருடைய நெஞ்சுக்கூட்டை நான் பார்த்திருக்கிறேன். 29 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் நுண்கதிர் வீச்சாளராக இருந்தவள் நான். தாண்டிக்குடியிலிருந்தும் பண்ணைக்காட்டிலிருந்தும் மலை இறங்கி வந்தவர்கள் 'எக்ஸ்ரே அம்மா' என்று கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். ஓய்வுபெற்று ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பெயர் என்னை விடவில்லை. "மூச்சை நன்றாக இழுத்துப் பிடியுங்கள். அசையாதீர்கள். இப்போது விடலாம்." ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது முறை இதைச் சொன்ன வாய் இது. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

சங்கத்தின் சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. உறுப்பினர் குடும்பங்களில் 12 வயது முதல் எல்லோருக்கும் 'முழு உடல் ஸ்கேன்' எடுக்க ஏற்பாடு. தலை, நெஞ்சு, வயிறு, இடுப்பு நான்குக்கும் சிடி, அதாவது எக்ஸ்ரே கதிரால் எடுக்கும் ஸ்கேன். பெண்களுக்குக் கூடுதலாகக் கழுத்து அல்ட்ராசவுண்ட். கீழே உள்ள ஒரு ஸ்கேன் மையம் பாதி விலைக்குத் தருகிறது, அதிலும் பாதியைச் சேமநிதியிலிருந்து சங்கமே கட்டும், பஸ் இலவசம், முன்பணம் மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும்.

எதனால் இந்த எண்ணம் உங்களுக்கு வந்தது என்று எனக்குத் தெரியும். தை மாதத்தில் இரண்டு சாவு. ஒருவருக்குக் கணையத்தில் புற்று. தெரிந்தபோது ஈரல்வரை பரவியிருந்தது. இன்னொருவருக்கு 46 வயதுதான். மிளகு காயப்போட்ட களத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்; மலைப்பாதையில் ஊத்து என்ற ஊரைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. இரண்டு வீட்டுக்கும் நான் போயிருந்தேன். "முன்னாலேயே ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்திருந்தால்" என்ற பேச்சு இரண்டு திண்ணையிலும் எழுந்தது. அந்தப் பேச்சைக் கேட்டு ஒரு சங்கம் சும்மா இருக்க முடியாது. அக்கறையோடுதான் கிளம்பியிருக்கிறீர்கள். ஆனாலும் அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

முதலில் என் கண்ணை உறுத்தியது '12 வயது முதல்' என்ற வரி. வளரும் உடம்பின் அணுக்கள் வேகமாகப் பிரிகின்றன. கதிர் அவற்றை எளிதாகக் காயப்படுத்தும். 22 வயதுக்குள் சிடி எடுத்துக்கொண்ட ஏறக்குறைய 9.5 லட்சம் பேரை ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் பின்தொடர்ந்து பார்த்து, 2023-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 10,000 பிள்ளைகளுக்கு சிடி எடுத்தால் அடுத்த 12 ஆண்டுகளில் அவர்களில் ஒருவருக்கோ இருவருக்கோ அந்தக் கதிரால் ரத்தப் புற்று வரக்கூடும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு வந்த பிள்ளைக்கு அந்த ஆபத்து ஒரு பொருட்டே இல்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளை நானே தூக்கி மேசையில் கிடத்தியிருக்கிறேன். பள்ளி விடுமுறையில் ஓடி விளையாடுகிற பிள்ளையை, எந்தக் காரணமும் இல்லாமல், அப்பா அம்மாவோடு சேர்த்துப் பாதி விலை என்பதற்காகப் படுக்க வைக்க எனக்குக் கை வராது. வேறு எதை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், பிள்ளைகள் பெயரை இன்றே அடித்துவிடுங்கள். கல்யாணமான இளம்பெண்களிடம் கடைசியாக எப்போது தீட்டு வந்தது என்று கேட்காமல் நான் எக்ஸ்ரே அறைக்குள்ளேயே விட்டதில்லை. சுற்றறிக்கையில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

பெரியவர்களுக்கு வருகிறேன். பணியில் இருந்த நாளெல்லாம் என் மார்பில் ஒரு சின்ன பேட்ஜ் குத்தியிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி அனுப்பினால், என்மேல் எவ்வளவு கதிர் பட்டிருக்கிறது என்று கணக்கு வரும். எங்களைப் போன்ற ஊழியர்களுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு, ஐந்து ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் ஏறும் கதிரை அளக்கும் அலகு). என் பேட்ஜ் எந்த ஆண்டிலும் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் மனிதருக்கு இயற்கையாகக் கிடைப்பது உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4, மலைமேல் இருக்கும் நமக்கு வானத்துப் பங்கு கொஞ்சம் கூடுதல். ஒரு நெஞ்சு எக்ஸ்ரேக்கு ஏறத்தாழ 0.1. நீங்கள் ஏற்பாடு செய்திருக்கிற சிடியில் 10 மில்லிசீவர்ட்டோ அதற்கு மேலோ சில நிமிடங்களில் உடம்பில் ஏறிவிடும். நூறு நெஞ்சு எக்ஸ்ரேக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. 10 மில்லிசீவர்ட் அளவுள்ள ஒரு சிடியால் 2,000 பேரில் ஒருவருக்கு உயிர்போக்கும் புற்று கூடுதலாக வரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மதிப்பிட்டிருக்கிறது. தனி மனிதருக்கு அது சின்ன ஆபத்து. மஞ்சள் காமாலை வந்தவரோ, காரணமில்லாமல் பத்துக் கிலோ இளைத்தவரோ டாக்டர் சிடி எழுதிக்கொடுத்தால் ஒரு நிமிடமும் தயங்கக் கூடாது. அங்கே கிடைக்கிற பலன் மலையளவு. ஒன்றுமில்லாத உடம்புக்குப் பலன் என்ன என்பதுதான் கேள்வி.

செயலாளர் தம்பி போனில் என்னிடம் கேட்டார்: "கதிர்தான் பிரச்சினை என்றால் எம்ஆர்ஐக்கு மாற்றிக்கொள்ளலாமே அம்மா?" எம்ஆர்ஐ காந்தத்தால் படம் எடுப்பது, அதில் கதிர் கிடையாது, உண்மைதான். ஆனால் என் கவலையில் கதிருக்குக் கால் பங்குதான். மீதி முக்கால் பங்கு, ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு நடப்பதைப் பற்றியது. அதை என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு. என் மதினிக்கு அப்போது 58 வயது. இருமல் இல்லை, சளி இல்லை, காபிப் பழம் பறிக்க விடிகாலையில் கிளம்பினால் பொழுது சாயும்வரை நிற்பார். மகன் வேலை பார்க்கும் இடத்தில் இப்படி ஒரு சலுகை வந்தது. போவதற்கு முந்தைய நாள் என்னிடம் வந்து கேட்டார். "எடுத்துப் பார்த்துவிடுங்கள் மதினி, நல்லதுதானே" என்று நான்தான் சொன்னேன். இத்தனை வருடம் இந்த வேலை பார்த்தவள் சொன்னால் தட்டுவாரா?

படம் வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வலது நுரையீரலின் மேல் பகுதியில் ஒரு வெள்ளைப் புள்ளி, சரியாக ஒரு காபிக் கொட்டை அளவு. ரிப்போர்ட்டில் '12 மி.மீ. முடிச்சு, மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும்' என்று போட்டிருந்தார்கள். அன்றிரவு அந்த வீட்டில் உலை வைக்கவில்லை. மூன்று மாதத்தில் ஆறு முறை மலை இறங்கினோம். கொண்டை ஊசி வளைவுகளில் அவர் வாந்தி எடுத்துக்கொண்டே வருவார். சதை எடுத்துச் சோதிக்கலாம் என்றார்கள். ஊசி போன இடத்தில் காற்றுக் கசிந்து நுரையீரல் சுருங்கிவிட்டது. விலாவில் குழாய் போட்டு நான்கு நாள் படுக்கை. முடிவு வந்தது: எப்போதோ வந்து தானாகவே ஆறிப்போன காசநோயின் தழும்பு. அவ்வளவுதான்.

டாக்டர்கள் யார்மேலும் எனக்குக் குறை இல்லை. புள்ளியைப் பார்த்துவிட்ட பிறகு யாராலும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. செலவுக்கு அண்ணன் மிளகைக் கொடியில் இருக்கும்போதே வந்த விலைக்கு வியாபாரியிடம் விட்டுவிட்டார். அந்தப் பணம் போனால் போகட்டும். மழைக்காலத்தில் விலாவைத் தடவிக்கொண்டு, "ஏம்மா, அது தழும்புதானா, நிச்சயமாகத் தெரியுமா?" என்று மதினி இன்றைக்கும் என்னைக் கேட்கிறார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நம் நாட்டில் நடுவயது தாண்டியவர்களின் நுரையீரலில் இப்படிப்பட்ட பழைய தழும்புகள் ஏராளம். ஈரலில் ரத்தக்குழாய்க் கட்டி, சிறுநீரகத்தில் நீர்க்கட்டி, கழுத்தில் தைராய்டு முடிச்சு என்று ஒவ்வோர் உடம்பிலும் ஏதோ ஒன்று இருக்கும். பெரும்பாலும் அதற்கும் ஆயுளுக்கும் சம்பந்தமே இல்லை. முதுகை எம்ஆர்ஐ எடுத்தால் வலியே இல்லாத 20 வயதுக்காரர்களில் 100-க்கு 37 பேருக்கும், 80 வயதுக்காரர்களில் 96 பேருக்கும் முதுகெலும்புத் தட்டு தேய்ந்துதான் தெரியும் என்று 2015-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். மூட்டை சுமந்தே வளர்ந்த நம் ஆட்களைப் படம் எடுத்தால் என்ன ரிப்போர்ட் வரும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அறிகுறி இல்லாதவர்களுக்கு முழு உடல் எம்ஆர்ஐ எடுக்கப் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்களின் கல்லூரி என்ற அமைப்பே 2023-இல் அறிக்கை விட்டது. அந்த மருத்துவர்களின் பிழைப்பே ஸ்கேன் படிப்பதுதான். அவர்களே வேண்டாம் என்கிறார்கள்.

பெண்களுக்குக் கழுத்து அல்ட்ராசவுண்ட் என்று போட்டிருக்கிறீர்களே, அதை ஒரு நாடே செய்து பார்த்துவிட்டது. தென்கொரியாவில் 1999-இல் தேசியப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியபோது, கொஞ்சம் கூடுதல் காசு கொடுத்தால் தைராய்டு ஸ்கேனும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆனது. 2011-இல் தைராய்டு புற்று என்று சொல்லப்பட்டவர்களின் விகிதம் 1993-இல் இருந்ததைப்போல 15 மடங்கு. அதனால் இறப்பவர்களின் எண்ணிக்கை குறைந்ததா? இல்லை, இருந்த இடத்திலேயே இருந்தது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் 100-க்கு 11 பேருக்குக் கால்சியத்தைக் காக்கும் சுரப்பி பழுதானது. இரண்டு பேருக்குக் குரல் நாண் செயலிழந்தது. மருத்துவர்கள் சிலர் 2014-இல் எதிர்த்துக் குரல் கொடுத்த பிறகுதான் அந்த அறுவைச் சிகிச்சைகள் குறையத் தொடங்கின.

'சீக்கிரம் கண்டுபிடித்தவர்கள் அதிக நாள் வாழ்கிறார்கள்' என்று அந்த மையத்தின் துண்டறிக்கையில் இருக்கிறது. இதில் ஒரு கண்கட்டு ஒளிந்திருக்கிறது. இரண்டு பேர் ஒரே நோயால் 70 வயதில் இறக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவருக்கு 67-இல் தெரிந்தது, மற்றவருக்கு ஸ்கேனால் 60-லேயே தெரிந்துவிட்டது. 'கண்டுபிடித்த பின் 10 ஆண்டு வாழ்ந்தார்' என்று இரண்டாமவரைக் காட்டுவார்கள். அவருக்குக் கூடியது ஏழு ஆண்டு பயம் மட்டும். நோயைக் கண்டுபிடித்தோமா என்று கேட்பதோடு நிற்காமல், சாவு குறைந்ததா என்று கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டால் 'ஆம்' என்று பதில் சொல்கிற பரிசோதனைகளும் இருக்கின்றன. அதனால்தான் ஸ்கேனே வேண்டாம் என்று நான் எழுதவில்லை. உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். அராபிகா காபித் தோட்டத்தில் தண்டுத்துளைப்பான் வண்டைத் தேடி வரிசை வரிசையாகப் போவீர்கள். இலை மஞ்சளாக இருக்கிறதா, தண்டில் மேடு எழுந்திருக்கிறதா என்று பார்ப்பீர்கள். வண்டு வெளியே பறக்கும் பருவத்துக்கு முன்னால் அந்தச் செடியைப் பிடுங்கி எரிப்பீர்கள். எதைத் தேடுகிறோம், எப்போது தேடுகிறோம், கண்டால் என்ன செய்வோம் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரியும். உள்ளே என்னதான் இருக்கிறதோ என்று நல்ல செடியின் பட்டையை யாராவது உரித்துப் பார்க்கிறீர்களா?

காசநோய் அப்படித் தேட வேண்டிய ஒன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில், நெஞ்சு எக்ஸ்ரே மட்டும் எடுத்திராவிட்டால் நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர் தவறிப்போயிருப்பார்கள் என்று தெரியவந்தது. வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்றால் மற்றவர்களுக்கு இருமல் இல்லாவிட்டாலும் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.

பீடியும் சிகரெட்டுமாக முப்பது ஆண்டு ஊதித் தள்ளியவர்களுக்குக் குறைந்த கதிர் சிடி உதவுகிறது. அமெரிக்காவில் 53,000-க்கும் மேற்பட்ட புகைபிடிப்பவர்களிடமும் அதை விட்டவர்களிடமும் நடத்திய ஆய்வு 2011-இல் வெளியானது. அந்த சிடியால் நுரையீரல் புற்றுச் சாவு 20 சதவீதம் குறைந்தது. ஆனால் அங்கேயும், சந்தேகம் என்று வந்த முடிவுகளில் 100-க்கு 96 பொய்யாகத்தான் போயின. நம் தழும்பு நெஞ்சுகளில் அது கூடினாலும் கூடுமே ஒழியக் குறையாது. யாருக்கு எடுப்பது என்று டாக்டர் ஆள் ஆளாகப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் எடுக்கிற காரியம் இல்லை. 40 தாண்டிய பெண்களுக்கு மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயும், ஒரு காலத்திலாவது புகைபிடித்த 65 முதல் 75 வயது ஆண்களுக்கு வயிற்றுப் பெருந்தமனி வீங்கியிருக்கிறதா என்று பார்க்க ஒரே ஒருமுறை அல்ட்ராசவுண்டும் அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு பரிந்துரைப்பவை. அதே பணிக்குழு, அறிகுறி இல்லாதவர்களிடம் கணையப் புற்றைத் தேட வேண்டாம் என்றும் 2019-இல் சொன்னது. தை மாதம் நாம் இழந்தவரை நினைத்து இதை எழுதக் கை நடுங்குகிறது. ஆனால் அந்த வீட்டாரிடம் 'முன்பே எடுத்திருக்கலாமே' என்று இனி யாரும் சொல்லாதீர்கள். அந்தப் பழியைச் சுமக்க அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை.

களத்தில் விழுந்தாரே, அவருக்கும் இந்த ஸ்கேன் கைகொடுத்திருக்காது. இதய ரத்தக்குழாய் அடைப்பைக் காட்டும் படம் தனி. அது உங்கள் பட்டியலிலேயே இல்லை. அவருக்குப் பிரஷர் இருந்தது, மாத்திரையைப் பாதியில் நிறுத்தியிருந்தார், பீடியும் இருந்தது. இதை அவர் மனைவியே என்னிடம் சொன்னார். 'எல்லாம் நார்மல்' என்ற ரிப்போர்ட் ஒன்று அவர் சட்டைப் பையில் இருந்திருந்தால் மாத்திரையை இன்னும் சீக்கிரமாக நிறுத்தியிருப்பாரோ என்று எனக்குத் தோன்றுகிறது.

நார்மல் ரிப்போர்ட் என்ன செய்யும் என்பதற்கு இன்னொரு முகம் என் நினைவில் இருக்கிறது. எஸ்டேட்டில் கூலி வேலை பார்த்த பெண், 44 வயது. இரண்டு ஆண்டாக வெள்ளைப்பாடு, நடுநடுவே ரத்தம். வெளியில் இரண்டு முறை வயிற்று ஸ்கேன் எடுத்து 'நார்மல்' என்ற தாளைப் பத்திரமாக மடித்து ரவிக்கைக்குள் வைத்திருந்தாள். மூன்றாம் முறை எங்களிடம் வந்தபோது சிறுநீரகம் இரண்டும் வீங்கியிருந்தன; கருப்பை வாயில் தொடங்கிய புற்று மூத்திரக் குழாய்களை அடைத்துவிட்டது. மூன்று பிள்ளைகள். அவளுக்குத் தேவைப்பட்டது ஸ்கேனே இல்லை. ஒரு நர்ஸ், ஒரு டார்ச், நீர்த்த வினிகர் அமிலம் தொட்ட பஞ்சு. தடவி ஒரு நிமிடம் பொறுத்தால் கெட்ட இடம் வெளுத்துத் தெரியும்.

அந்த வினிகர்ச் சோதனை சாவைக் குறைக்கும் என்று உலகத்துக்குக் காட்டியது எந்த ஊர் தெரியுமா? நம் திண்டுக்கல் மாவட்டம். அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமூக சுகாதார மையமும் மற்றவர்களும் சேர்ந்து மாவட்டத்தில் 114 பகுதிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் 2000 முதல் 2003 வரை 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு நர்ஸுகளை வைத்தே இந்தச் சோதனையைச் செய்தார்கள். மற்ற பாதியோடு ஒப்பிட்டால், அங்கே கருப்பை வாய்ப் புற்றால் வந்த சாவு 35 சதவீதம் குறைந்தது. இது 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பெண்களை 20 ஆண்டு தொடர்ந்தது. பயிற்சி பெற்ற ஊழியர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையாலேயே மார்பகத்தைச் சோதித்ததில், 50 வயது தாண்டியவர்களிடம் மார்பகப் புற்றுச் சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது என்று 2021-இல் அறிவித்தார்கள். இந்த இரண்டு சோதனையும், வாய்ப் புற்றுச் சோதனையும், பிரஷரும் சர்க்கரையும் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரசுத் திட்டத்தில் காசில்லாமல் நடக்கின்றன. நம் பெண்களில் எத்தனை பேர் போயிருக்கிறார்கள்? போன மாதம் என் தெருவில் வீடு வீடாகக் கேட்டேன். பதினேழு வீட்டில் மூன்று பேர். காரணம் கேட்டால் கூச்சம், அன்றைய கூலி போகும், பஸ் இல்லை.

பஸ்ஸும் கூலியும் சங்கத்தால் கொடுக்க முடிந்தவை. இந்த ஸ்கேனுக்கு எடுக்க இருந்த சேமநிதியில் பத்தில் ஒரு பங்கு போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசி ஒரு நாள் குறித்து, பெண்களை மட்டும் ஏற்றிக்கொண்டு பஸ் போகட்டும். நானும் கூட உட்கார்ந்து வருகிறேன், கூச்சம் குறையும். அன்றைய கூலியைச் சங்கம் கொடுக்கட்டும். பருப்பு மில்லிலோ காபி உலர்த்தும் களத்திலோ ஆண்களுக்கு மாதம் ஒருநாள் பிரஷர் பார்க்க கிராம சுகாதார செவிலியரை அழைக்கலாம். மீதி நிதி அப்படியே இருக்கட்டும். நிஜமாகவே ஒரு கட்டி, ஒரு ரத்தப்போக்கு என்று யாருக்காவது வந்து, டாக்டர் எழுதிக்கொடுத்து மதுரைக்கோ தேனிக்கோ ஸ்கேனுக்குப் போக வேண்டிய அன்று, கொடியில் இருக்கும் மிளகை விற்காமல் அவர்கள் போய்வர அந்தப் பணம் உதவும்.

இத்தனைக்கும் பிறகு ஒப்பந்தத்தைத் தொடரத்தான் போகிறீர்கள் என்றால், அந்த மையத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். ஓர் ஆளுக்கு எத்தனை மில்லிசீவர்ட் போகும், படத்தைப் படிப்பது எந்தத் தகுதியுள்ள மருத்துவர், ஏதாவது நிழல் தெரிந்தால் அடுத்த சோதனைகளுக்கு யார் பொறுப்பு, யார் பணம் என்று கேளுங்கள். வர மறுக்கும் உறுப்பினரின் மருத்துவ உதவியில் கை வைக்கக் கூடாது என்று தீர்மானமும் போடுங்கள். சுற்றறிக்கையின் கடைசி வரியில் அப்படி ஒரு மிரட்டல் தொனி இருக்கிறது. எழுதியவர் அதை நினைத்து எழுதியிருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

பொதுக்குழு அன்று வருகிறேன். மதினியும் மஞ்சப்பையில் அந்தப் படத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். தன் வாயாலேயே சொல்ல வேண்டுமாம். ஜன்னல் பக்கம் எங்கள் இருவருக்கும் இடம் போட்டு வையுங்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் எக்ஸ்ரே அம்மா,
ஓய்வுபெற்ற நுண்கதிர் வீச்சாளர், பழனி மலை